நூற்சிற்பமும் நம்மவரும்

கெடா மாநிலத்துக் கோலமூடா வட்டத்தைச் சேர்ந்த திகாம் பத்து என்னும் ஊரில், சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவருடைய புது வீட்டிற்குப் போயிருந்தோம். கூடத்துச் சுவரில், ஒரு கதவின் அளவுக்குக் கயிறும் பருத்தி நூலும் சேர்ந்த தொங்கல் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. நண்பர் அதனைத் தலைநகரத்தில் பெருந்தொகை கொடுத்து வாங்கியதாகவும், அது நவீன கலை என்றும், சில வருஷங்களில் விலை இரட்டிப்பாகும் என்று விற்றவர் உறுதி சொன்னதாகவும் கூறினார். செய்தவர் யார் என்று கேட்டோம். அது அவருக்குத் தெரியவில்லை. அப்போது, முப்பது வருஷம் மரம் வெட்டி ஓய்ந்த அவருடைய தாயார் எழுந்து வந்து, தொங்கலின் பின்புறத்தில் கையை விட்டுத் திருப்பிப் பார்த்தார். "இது முடிச்சுப் போட்டது இல்லப்பா, பசை போட்டு ஒட்டினது. ரெண்டு மழைக்காலம் தாங்காது" என்றார். மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, இது கலை, உங்களுக்குத் தெரியாது" என்றார். அந்த அம்மையார் சற்றும் தயங்காமல், "கலையோ என்னமோ, கயிறு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று அந்த வீட்டில் கலையை உள்ளபடி ஆராய்ந்தவர் ஒருவர்தான். அவர் அந்தத் தாயார். பணம் கொடுத்தவர் பெயரையும் கேட்கவில்லை, பின்புறத்தையும் பார்க்கவில்லை. கேட்கத் தெரிந்தவரோ தமக்கு அந்த யோக்கியதை இல்லையென்று பிறர் சொல்லக் கேட்டே வாழ்நாளைக் கழித்தவர். இந்நிலை ஒரு வீட்டோடு நின்றுவிடவில்லை. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் குடியேறிய நம்மவரில் ஓரளவு வசதி கண்டவர்கள் இன்று கலைப்பொருள் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது நல்லதே. ஆனால் எதை வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம், யாருடைய உழைப்பை வாங்குகிறோம் என்ற விசாரணை இல்லாமல் வாங்குவது, அர்த்தம் தெரியாமல் மந்திரம் ஓதுவதைப் போன்றதேயாகும். ஆகவே நூலாலும் துணியாலும் கயிற்றாலும் ஆன இக்காலச் சிற்பங்களை அறிவது எப்படி, சேர்ப்பது எப்படி என்பதைப்பற்றி நமக்குப் பட்டதை இங்கே எழுதத் துணிகிறோம்.

முதலாவதாக, இது நமக்கு அந்நியமான விஷயம் என்ற எண்ணத்தை நீக்க வேண்டும். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பொருள்களைச் சொல்லுமிடத்துக் காழகம் என்னும் நாட்டின் பொருளையும் சொல்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்தக் காழகத்தைக் கடாரம் என்பார். கடாரம் கெடாவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. அதே காழகம் என்னும் சொல் பழந்தமிழில் ஆடையையும் குறிக்கும். இது தற்செயலாக இருக்கலாம். எனினும் கடல் கடந்து இந்நாட்டிற்குத் துணி வந்தது தற்செயலன்று. மலாய் மக்கள் இன்றும் உடுத்தும் கட்டம்போட்ட சாரத்துக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் பெயர் திரிந்ததே. சோழமண்டலக் கரையின் தறித்துணி, இந்நாட்டுச் சந்தைகளில் பல நூற்றாண்டுகள் பணத்தைப்போலவே கைமாறியது. அந்தத் துணியை நெய்தவன் பெயர் மட்டும் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

இன்னொன்று. தமிழில் புத்தகத்துக்கும் இழைக்கும் ஒரே பெயர், இரண்டும் நூலே. அதற்குக் காரணம் சொல்லப் புகுந்த நன்னூலார், சொல்லைப் பஞ்சாகவும், புலவனைப் பஞ்சு நூற்கும் பெண்ணாகவும் வைத்துக் காட்டுகிறார். புலவனை உயர்த்த நூற்கும் பெண் உவமைக்கு வந்தாள். ஆனால் அந்தப் பெண்ணை உயர்த்த யாரும் புலவனை உவமைக்கு அழைத்து வரவில்லை. ஏடு எழுதியவனுக்குப் பட்டமும் பரிசிலும் கிடைத்தன. நூல் நூற்றவளுக்குக் கூலி கிடைத்தது. அதுவும் குறைந்த கூலி. கல்லில் செதுக்கினால் சிற்பம், துணியில் செய்தால் கைவேலை என்ற பாகுபாடு பொருளின் குணத்தால் வந்ததன்று. கல்வேலை கோயிலையும் அரசனையும் சார்ந்து நின்றது. துணிவேலை பெண்களையும், சாதியின் பேரால் தாழ்த்தி வைக்கப்பட்ட தொழிலாளரையும் சார்ந்து நின்றது. செய்தவனுடைய சாதியையும் செய்தவளுடைய பாலையும் வைத்துப் பொருளுக்கு மதிப்பிடும் வழக்கத்தின் ஒரு கிளைதான் இந்தப் பாகுபாடு.

மேனாட்டாரும் இதில் நம்மைவிட உயர்ந்தவர்களல்லர். அங்கும் ஓவியமும் கற்சிலையும் உயர்ந்த கலை, நெசவும் தையலும் வீட்டலங்காரம் என்றே வெகுகாலம் வைத்திருந்தனர். 1962ஆம் வருஷத்தில் ஸ்விட்சர்லாந்து நாட்டு லொசான் நகரில், நெசவுக் கலைக்கென்றே ஈராண்டுக்கொருமுறை நடக்கும் கண்காட்சி தொடங்கிற்று. போலந்து நாட்டு மக்தலேனா அபக்கனோவிச் அந்த முதற் கண்காட்சியிலேயே தம் வேலையை வைத்தார். பிறகு அவர், கற்றாழை நார்போன்ற கரடான நாரைச் சாயமிட்டு, சுவரைவிட்டு நீங்கிக் கூரையிலிருந்து தொங்கும் பெரிய உருவங்களாக நெய்தார். பழைய கப்பற் கயிறுகளைப் பொறுக்கிவந்து பிரித்து நாராக்கிக்கொண்டதும் உண்டு. வீட்டுச் சுவரை அழகுபடுத்தும் வேலையை உதறிவிட்டு, ஆளை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் செய்த நெசவு அது. 2022 முதல் 2023 வரை லண்டன் டேட் மாடர்ன் காட்சிச்சாலையில் அவற்றைச் சேர்த்துக் காட்டினார்கள். அவர் 2017இல் இறந்துவிட்டார். இடையே சென்ற வருஷங்களின் எண்ணிக்கையைக் கவனித்தால், நூலுக்கு மதிப்பு வர எத்தனை காலம் ஆயிற்று என்பது புலப்படும்.

நிற்க. நம் கவனத்தை முதன்மையாகப் பெறவேண்டியவர் இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி என்று நாம் கருதுகிறோம். 1949இல் பம்பாயில் பிறந்தவர். தந்தையார் வினோத் பிஹாரி முகர்ஜி, கண்பார்வை போன பிறகும் கலைத்தொழிலை விடாத ஓவியர். தாயார் லீலா முகர்ஜி சிற்பி. பரோடாவில் இவருக்கு ஆசிரியராயிருந்தவர் கே. ஜி. சுப்ரமணியன். அவர் கண்ணூர்ப் பக்கத்துக் கூத்துப்பறம்பில் பிறந்த தமிழ்க் குடும்பத்தவர். கைத்தொழிலுக்கும் கலைக்கும் நடுவே வேலி போடக்கூடாது என்று எழுதியும் செய்தும் காட்டியவர். அந்த மாணவி 1970களில் கையிலெடுத்தது சணற்கயிறு. தறியில்லை, ஊசியில்லை. கயிற்றைச் சாயமிட்டு, ஒரு சட்டத்தின்மேல் கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களை எழுப்பினார். முன்கூட்டி வரைந்துகொண்ட படமும் இல்லை; ஒரு முடிச்சு அடுத்த முடிச்சுக்கு வழிகாட்டும். ஒரு சிற்பம் முடியப் பல மாதங்களாகும்.

இவ்வேலையின் பெருமை அளவிலோ உழைப்பின் கடுமையிலோ இல்லை. கயிற்றின் சுபாவம் விழுவது; விட்டால் தரையில் குவியும். கல்லின் சுபாவம் நிற்பது. முகர்ஜியின் சிற்பங்களில் கயிறு தன் சுபாவத்தை மறைக்காமலேயே நிற்கிறது. மடிப்புகள் கனத்தால் தொய்கின்றன. தொய்ந்த இடமே இதழாகவும் உதடாகவும் தோளாகவும் விரிகிறது. முன்னே நின்றால் மலர். பக்கத்தில் போனால் உடல். பின்னே போனால் முடிச்சுகளின் வரிசை, அதாவது ஒரு மனிதர் நாள்தோறும் உட்கார்ந்து செய்த வேலை. இம்மூன்றும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. வெண்கலத்தில் இதையே வார்த்திருந்தால் மலர் இருக்கும், உடல் இருக்கும், வேலை மறைந்துபோகும். ஆகவே இங்கே கயிறு கருத்தை ஏற்றிவந்த வண்டி அல்ல, கயிறே கருத்து.

இவர் தம் சிற்பங்களுக்கு யக்ஷி, ருத்ரா, வனஸ்ரீ என்று பெயரிட்டது கண்டு, இதுவும் பழைய விக்கிரக ஆராதனையைப் புதுத்துணியில் சுற்றிக் கொடுப்பதுதானே என்று நம் நண்பர் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. நாம் சொல்லும் பதில் இது. விக்கிரகம் தனக்கும் நமக்கும் நடுவே ஒரு ஆளை நிறுத்துகிறது, தொடாதே என்கிறது, காணிக்கை கேட்கிறது. இச்சிற்பங்கள் அதே இடத்தில் அதே உயரத்தில் நின்றுகொண்டு, ஒன்றும் கேட்பதில்லை. நாம் சுற்றிவந்து பின்புறத்தைப் பார்க்கலாம்; முடிச்சை எண்ணலாம்; மனிதர் கை செய்தது என்பதை ஒவ்வோர் அங்குலத்திலும் காணலாம். பிரமிப்பு இருக்கிறது, ஆனால் அது ஏமாற்றத்தின் மேல் எழுந்த பிரமிப்பு அன்று. எனினும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெயரில் தெய்வத்தைக் கொண்டுவந்ததனால், பார்ப்பவன் சிற்பத்தைவிட்டுப் புராணத்துக்கு ஓடிவிட இடமுண்டு. அவருடைய சிற்பங்களில் மலரின் பெயரை மட்டும் தாங்கியவை இந்த இடையூறின்றி நம்மிடம் நேரே பேசுகின்றன என்பது நம் அபிப்பிராயம்.

இவருக்கும் வாழ்நாளின் பெரும்பகுதியில் 'கைவேலை' என்ற சொல்லே எதிர்நின்றது. 2015 ஜனவரியில் தில்லித் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இவருடைய வாழ்நாள் வேலையைச் சேர்த்துக் கண்காட்சி திறந்தார்கள். திறந்த சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார். நியூயார்க் பெருங்காட்சிச்சாலை 2019இல்தான் இவருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. செத்தபின் சிலை வைக்கும் வழக்கம் நம்முடையது மட்டுமன்று போலும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மலேசியாவின் தேசியக் கலைக்கூடம் 1958இல் ஏற்பட்டது. அதற்குச் சற்று முன்பே பினாங்கில் சுவா தியென் தெங் என்னும் சீன ஓவியர், பாத்தேக் துணிக்குப் பயன்பட்ட உருகிய மெழுகையும் சாயத்தையும் கொண்டு சித்திரம் எழுதத் தொடங்கிவிட்டார். உடுத்தும் துணியின் தொழில்முறை சுவரில் மாட்டும் சித்திரமாயிற்று. மெழுகு வெடித்த கோடுகளில் சாயம் புகுந்து கீறல் விழுவது துணி வியாபாரிக்குக் குற்றம். தெங் அதனையே கோட்டின் அழகாக்கினார். தாயும் சேயும், மீனவர், சந்தைப் பெண்கள் இவரால் துணியில் உயிர்பெற்றனர். ஆனால் வெற்றி ஒரு தீங்கையும் கொண்டுவந்தது. உல்லாசப் பிரயாணிகள் கேட்கக் கேட்க, அதே தாயும் சேயும் பல கைகளால் நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டுக் கடைகளில் தொங்கின. இன்று பாத்தேக் சித்திரம் வாங்குவோர், தேடிக் கண்டறிந்த கோட்டுக்கும் பார்த்து எழுதிய கோட்டுக்கும் உள்ள பேதத்தை அறியவேண்டும். தேடியவன் கை தயங்கிய இடம் தெரியும். பார்த்து எழுதியவன் கை எங்கும் தயங்குவதில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கொப்பான கதை உண்டு. 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் முதலானோர் சென்னைக்கு அருகே ஏற்படுத்திய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், பலர் பாத்தேக் துணி முதலிய கைவேலைகளைச் செய்து விற்றே வயிறு வளர்த்தனர். அந்த வருமானத்தில்தான் ஓவியமும் சிற்பமும் செய்தனர். துணி சோறு போட்டது. புகழ் ஓவியத்துக்குப் போயிற்று. அந்நாளைய துணிகளைச் சேர்த்து ஆராய்ந்தால் நம் கலைச் சரித்திரத்தில் ஒரு புதிய அதிகாரம் எழுதலாம்.

இக்கால மலேசியக் கலைஞரில் சபாவைச் சேர்ந்த யீ இலான் என்னும் அம்மையாரின் வேலையைத் தோட்டத்துத் தமிழர் ஒவ்வொருவரும் பார்க்கவேண்டும் என்போம். 1971இல் பிறந்த இவர், செம்பூர்ணாவை அடுத்த ஓமாடல் தீவின் பஜாவ் பெண்களோடு சேர்ந்து பாய்கள் நெய்விக்கிறார். 'பாய், மேசை' என்று பொருள்படும் பெயருடைய வரிசையில், ஒவ்வொரு பாயிலும் ஒரு மேசையின் உருவம் நெய்யப்பட்டிருக்கிறது. பாய் எல்லாரும் சமமாக உட்காருவது. மேசை ஒருவன் உட்கார மற்றவன் நிற்பது. கப்பலேறி வந்த ஆட்சி, காகிதத்தோடு மேசையையும் கொண்டுவந்தது. அந்த மேசையைப் பாய் விழுங்கிவிடுகிறது. இக்கருத்தை நகரத்து விமரிசகர்கள் பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். நம்மவருக்கு விளக்கம் வேண்டுமா? விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர் நாம். கிராணியின் மேசைக்கு முன்னால் கைகட்டிச் சம்பளம் வாங்கியவர் நாம். வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்தவரும் நாமே. அந்தப் பாயைப் பார்த்த மாத்திரத்தில் அர்த்தம் சொல்லும் தகுதி, பெரட்டில் நின்ற கிழவிக்கு இருப்பதுபோல் வேறு யாருக்கும் இராது. மேலும் இவர் தம்மோடு நெய்த பெண்களின் பெயர்களை மறைக்காமல் வெளியிடுகிறார். நெய்தவளுக்குப் பெயர் கிடைப்பதற்கு இத்தனை நூற்றாண்டு ஆயிற்று.

இலங்கையில் ஹேமா ஷிரோனி என்னும் கலைஞர் ஊசியும் நூலும் கொண்டு, இடம்பெயர்ந்தோர் விட்டுவந்த வீடுகளைத் துணியில் தைத்துக் காட்டி வருகிறார். ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் பிறந்து நைஜீரியாவில் தொழில் செய்யும் எல் அனட்சுயி, சாராயப் புட்டிகளின் மூடிகளைத் தட்டித் தகடாக்கிச் செம்புக் கம்பியால் கோத்து, பட்டுப் போர்வைபோல் சுவரில் அலையவிடுகிறார். ஐரோப்பிய வியாபாரிகள் சாராயத்தைக் கொடுத்து ஆப்பிரிக்க மனிதரை வாங்கிய சரித்திரம் அந்தப் போர்வையில் மின்னுகிறது. 1940களின் பிற்பகுதியில் பீடோங் ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடையை எதிர்த்ததை அறிந்த கெடாத் தமிழருக்கு, மதுவால் ஒரு இனம் கட்டுண்ட கதையை யாரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. நல்ல கலை தூரத்திலிருந்து வந்தாலும் நம் அனுபவத்தின் கதவையே தட்டுகிறது என்பதற்கு இது சான்று.

இவ்வளவும் கேட்டு, "அப்படியானால் எங்கள் கோயில் தேரில் தொங்கும் தொம்பையும் சிற்பம்தானே? ஆயாக் கொட்டகையில் கட்டிய சேலைத் தொட்டிலும் சிற்பம்தானே?" என்று சிலர் உற்சாகமாகக் கேட்பர். முந்தியதற்கு ஆம் என்போம். தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய இடங்களில் கலங்காரி முறையில் எழுதியும், பிற இடங்களில் துணிமேல் துணி வெட்டித் தைத்தும் செய்த தொம்பை, காற்றில் ஆடவும் நாற்புறமிருந்து பார்க்கவும் அமைந்த உருளை. கண்ணுக்கென்றே, வடிவத்துக்கென்றே செய்யப்பட்டது. கருப்பூர்க் கலங்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் தேர் இழுத்த ஊருக்குத் தொம்பை தைத்தவர் பெயர் தெரியாது. அதுவே அதன் குறை.

பிந்தியதற்கு இல்லை என்போம். எல்லாம் கலை என்று சொல்லிவிடுவது தாராளம்போலத் தோன்றும் சோம்பேறித்தனம். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போன தாய், தன் பழைய சேலையை உத்திரத்தில் கட்டிப் பிள்ளையைக் கிடத்தினாள். அது நல்ல தொட்டில்; அவ்வளவே போதும். அவளுக்கு வேண்டியது நல்ல கூலியும் நல்ல குழந்தைக் காப்பகமும். அவற்றைக் கொடாமல் அவள் கஷ்டத்தைக் 'கலை' என்று புகழ்வது அவளை இரண்டாம் முறை ஏமாற்றுவதாகும். ஆயினும் அத்தொட்டிலைக் கட்டிய கைக்கு, எந்த முடிச்சு எவ்வளவு பாரம் தாங்கும், துணி எங்கே இழுபடும், எங்கே கிழியும் என்பது தெரியும். நூற்சிற்பத்தை மதிப்பிட முதலில் வேண்டிய அறிவு அதுவே. தொட்டில் சிற்பமன்று, ஆனால் தொட்டில் கட்டியவள் சிற்பத்தின் நீதிபதியாகத் தக்கவள். முகர்ஜியின் கயிற்றின் முன்னே நிற்க வெட்கப்படவேண்டியவர் அவரல்லர்.

ஆகவே ஒரு நூற்சிற்பத்தின் முன் நிற்கும்போது நாம் கேட்கவேண்டியவை நான்கு. இதே உருவத்தை வேறு பொருளில் செய்திருந்தால் ஒன்றும் குறையாதா? குறையாது என்றால், நூல் இங்கே வெறும் வேஷம். பக்கத்திலுள்ள விளக்கச் சீட்டை மறைத்துவிட்டால் வேலை பேசுகிறதா? பேசவில்லையென்றால், அது சீட்டுக்கு வரைந்த படம். பின்புறமும் முடிச்சும் முன்புறத்தைப்போல் நேர்மையாக இருக்கின்றனவா? யார் யாருடைய கை இதில் இருக்கிறது, அவர்களுக்குப் பெயரும் கூலியும் கிடைத்தனவா? கயிற்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுப் 'பெண்மை', 'நினைவு', 'வேர்' என்று பெயர் வைத்துவிட்டால் சிற்பம் ஆகிவிடும் என்று நம்பும் இளைஞர் இன்று பெருகியிருக்கின்றனர். அவர்களுடைய வேலைகளில் பல இந்த நான்கு கேள்விகளில் இரண்டைக்கூடத் தாங்கமாட்டா.

இனிச் சேர்ப்பதைப்பற்றிச் சில வார்த்தைகள். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள். நூற்சிற்பத்தை மறுபடி விற்கும் சந்தை குறுகியது. விற்பவர் சொல்லும் இரட்டிப்பு அவருடைய கற்பனை. தினமும் பார்க்க விரும்புவதை மட்டும் வாங்குங்கள். வாங்குமுன் செய்தவரையே சந்தித்துப் பேச முயலுங்கள். அவர் பெயர், செய்த வருஷம், இழை பருத்தியா சணலா பட்டா செயற்கை நூலா என்பது, எந்தச் சாயம், உடன் உழைத்தவர் யார், எப்படித் தொங்கவிட வேண்டும், எந்தப் பக்கம் மேல், கிழிந்தால் யார் தைப்பது ஆகிய எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள். அனட்சுயி போன்றோர் மடிப்பை மாட்டுபவர் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறார்கள். வேறு சிலர் ஓர் அங்குலம் மாறினாலும் சம்மதியார். இந்தக் காகிதம் இல்லாத பொருள் பத்து வருஷம் கழித்து அநாதையாகிவிடும்.

பாதுகாப்பில் நம் நாட்டுக் காற்றே முதல் எதிரி. காட்சிச்சாலைகள் துணிக்கு ஐம்பது முதல் ஐம்பத்தைந்து சதவிகித ஈரப்பதத்தை விரும்புகின்றன. கெடாவிலோ எண்பது சதவிகிதத்தைத் தாண்டும் நாட்கள் மிகுதி. பூஞ்சை பிடிக்கும். ஆகவே வெளிச்சுவரில் மாட்டாமல், காற்றோடும் உட்சுவரில், சுவரைவிட்டுச் சிறிது விலக்கி மாட்டுங்கள். வெயில் நேரே படக்கூடாது. துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதுமென்பது காட்சிச்சாலைகளின் கணக்கு. கஞ்சி போட்ட துணியை இராமபாணப் பூச்சி தேடிவரும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஈரம் உள்ளேயே நின்று அழுகும். துவைத்துக் கஞ்சி போக்கிய மெல்லிய வெள்ளைத்துணியைச் சுற்றி, மடிக்காமல் உருளையில் சுருட்டி வையுங்கள். மடித்தே தீரவேண்டுமானால் சில மாதத்துக்கொருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை துணியில் படக்கூடாது. பழைய கலங்காரித் துணிகளில் கறுப்பு நிறமுள்ள இடங்களில் முதலில் இழை இற்றுப்போவதைக் காணலாம். இரும்பும் வெல்லமும் ஊறவைத்து எடுத்த அந்தக் கறுப்பில் உள்ள இரும்பு, காலப்போக்கில் பருத்தியைத் தின்றுவிடும். அத்தகைய துணியைத் துவைக்கவே கூடாது.

தனி மனிதர் சேர்ப்பதைவிடச் சங்கங்கள் சேர்ப்பது மேலானது. கோலாலம்பூரில் 2010 முதல் தேசியத் துணிக்காட்சிச்சாலை இருக்கிறது; தேசியக் கலைக்கூடமும் இருக்கிறது. சொங்கெட் என்னும் மலாய்ச் சரிகை நெசவைப்பற்றி 1990இல் வெளிவந்த முக்கியமான ஆராய்ச்சி நூலை எழுதியவர் கிரேஸ் செல்வநாயகம் என்னும் அம்மையார் என்பதை நம்மவரில் எத்தனைபேர் அறிவர்? பிறர் நெசவுக்கு நம்மவர் ஒருவர் அத்தொண்டு செய்திருக்க, தோட்டத் தமிழரின் துணிகளுக்கு யார் செய்வது? சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் திகாம் பத்துவிலும் உள்ள ஒரு சங்கமோ வாசகசாலையோ ஒரு அலமாரியை ஒதுக்கட்டும். தொட்டில் சேலை, பால்வெட்டுக்குக் கட்டிய தலைத்துணி, கையால் தைத்த தலையணை உறை ஆகியவற்றை, உடுத்தியவர் பெயர், தோட்டம், வருஷம் ஆகியவற்றோடு அதில் வைக்கட்டும். அவற்றைக் கலை என்று பொய்யாகப் பெயரிட வேண்டாம். சான்று என்று வைத்தால் போதும். அதன் பக்கத்தில், இன்றைய இளங்கலைஞர் ஒருவரிடம் நியாயமான விலை கொடுத்து வருஷத்துக்கு ஒரு வேலை வாங்கி வைக்கட்டும். சான்றைப் பார்த்த கண்ணுக்குக் கலை விளங்கும். கலையைப் பார்த்த கண்ணுக்குச் சான்றின் அருமை விளங்கும்.

பத்து என்றால் மலாய் மொழியில் கல். கல் நிலைக்கும், துணி மக்கும் என்று நாம் நினைக்கிறோம். 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துத் தோட்டப் பகுதியிலிருந்த ஆயிரம் வருஷப் பழமை வாய்ந்த 11ஆம் எண் சண்டியை வீடு கட்டுவதற்காக நிலத்தைச் சமன்செய்தபோது இடித்துவிட்டார்கள். கல்லாயிருந்தது அதைக் காப்பாற்றவில்லை; மதிப்பறிந்து காவல் நிற்க ஆள் இல்லாததே அதை அழித்தது. ஆகவே நிலைப்பதும் அழிவதும் பொருளின் குணத்தால் மட்டும் நேர்வதன்று.

திகாம் பத்து நண்பரின் வீட்டுக்குச் சென்ற வாரம் மறுபடியும் போனோம். அந்தத் தொங்கல் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஒரு மூலை பசை விட்டுத் தொங்குகிறது. நண்பர் வெட்கத்தோடு சிரித்தார். அடுத்த முறை வாங்கப் போகும்போது தாயாரையும் உடன் அழைத்துப் போவதாகச் சொன்னார். நம் நேயர்களுக்கும் நாம் சொல்லக்கூடிய யோசனை அதுவே.